மூலைப் புள்ளி

சாகாவரத்தின் விலை ஒரு மாம்பழ ஜூஸ், இரண்டு பிஸ்கட்.

தமயந்திக்கு அந்த விலைக்குப் படிந்தது.

இவளுக்கும் அதே நாள், அதே ஊசி, அதே ஜூஸ்தான். சரக்கு மட்டும் கைக்கு வரவில்லை.

இப்போது இவள் கையில் இரண்டு டியூப். சுண்டுவிரல் நுனி அளவு. ஒன்றில் தமயந்தி. இன்னொன்றில் இவள்.

எதிரே இயந்திரம் காத்திருக்கிறது.

அதன் ஊசிகள் தட்டிலுள்ள குழிகளில் முங்கும். டி.என்.ஏ. கரைசலைத் தொட்டு எடுக்கும். நகர்ந்து போய்க் கண்ணாடி ஸ்லைடில் வைக்கும். அந்தத் துளிக்குப் பக்கத்தில் கடுகு பூசணிக்காய். அப்படி ஆயிரக்கணக்கில் துளிகள், வரிசை பிசகாமல். அறையில் ஈரம் குறைந்தால் துளி காயும். யாராவது தும்மினால் அன்றைய பிழைப்பு போச்சு.

பிறகு ஒரு நாள், எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில், நோயாளியின் சாம்பிளை அதன்மேல் ஊற்றுவார்கள். சில புள்ளி மின்னும். சில மின்னாது. எந்தப் புள்ளி எது என்று தெரிய வேண்டுமே, கண்ணாடிக்கு ஏது தலை, ஏது கால்?

அதற்காக இடது மேல் மூலையில் மூன்று துளி. யார் சாம்பிள் வந்தாலும் மின்னியே தீர வேண்டிய மூன்று.

அந்த இடத்துக்கு எந்த மனிதரின் டி.என்.ஏ.வும் போதும்.

எந்த மனிதரானாலும்.

அதுதான் எரிச்சலே.

மூன்று வருஷத்துக்கு முன், இந்த லேபை நடத்தும் எபனேசர் சார் இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்தார். நிறுத்துப் பார்க்கவில்லை, உரசிப் பார்க்கவில்லை. கைக்கு முதலில் வந்தது தமயந்தி. அவள் டி.என்.ஏ.வைப் பன்னிரண்டு டியூப்பாகப் பிரித்து, ஸ்லைடு அடிக்கும் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒன்று என்று வைத்தார். இவளுடையது ஒரே ஒரு டியூப், கொசுறு மாதிரி ஃப்ரீசரின் அடியில் கிடந்தது.

கிண்டியில் லேபின் இரண்டாம் மாடி ஏறி வருகிறவர்களுக்கெல்லாம் சார் ஸ்கேனர் திரையைக் காட்டுவார்.

"இது எங்க தமயந்தி. இவ இல்லாட்டி இங்க எதுவும் நேரா நிக்காது."

வந்தவர்கள் திரையைப் பார்ப்பார்கள். பிறகு தமயந்தியைப் பார்ப்பார்கள். ஊசிகளைக் கழுவியவள், ஈரத்தை அளந்தவள், ஸ்லைடுகளை அடுக்கியவள் இவள், பக்கத்திலேயே நிற்பாள். கதவுக் கைப்பிடியைப் பார்க்கிறவர் உண்டா?

தமயந்தி கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம்.

டிபன் பாக்ஸைத் திறந்தால் முதல் பொடி இட்லி இவளுக்குத்தான். கூடவே ஒரு வார்த்தையும்.

"சாப்பிடுடி. நான் இல்லன்னா உனக்குத் தலை எது கால் எதுன்னே தெரியாது."

இட்லி இறங்கிவிடும். வார்த்தை தொண்டையில் நிற்கும்.

இன்று பன்னிரண்டாவது டியூப். கடைசி. இது தீர்ந்தால் தமயந்திக்கு மறுபடி ஊசி, மறுபடி ஜூஸ். இன்னும் ஒரு மூன்று வருஷம்.

இவள் தன் டியூப்பைத் திறந்தாள். மூலைத் துளிக்கான குழியில் ஊற்றினாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

பொத்தானை அழுத்தினாள்.

டக். டக். டக்.

ஒவ்வொரு ஸ்லைடிலும் முதலில் போய் உட்கார்ந்தவள் இவள்.

மாலையில் ஒன்றைச் சோதனைக்கு எடுத்தார்கள். திரையில் இருட்டு. பிறகு, மூலையில் மூன்று பச்சைப் புள்ளிகள்.

இவளுக்குக் கையெல்லாம் சிலிர்த்தது.

தோளுக்குப் பின்னாலிருந்து தமயந்தி எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, இன்னிக்கு என்ன களை பாரேன் எனக்கு!"

சார் சிரித்தார். இவளும் சிரித்து வைத்தாள். சொந்த நகையைத் திருடிப் போட்டுக்கொண்டவள் எந்தக் கல்யாணத்துக்குப் போவாள்?

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரிம்மா, தமயந்தி தீந்தாச்சு. மறுபடி எதுக்குக் குத்தணும்? ஃப்ரீசர்ல உன் டியூப் ஒண்ணு சும்மாதானே கிடக்கு. அடுத்த பேட்ச்சுக்கு அதையே போட்டுடலாம். எடுத்துட்டு வா, பாப்போம்."

தமயந்தி கை தட்டினாள். நிஜமாகவே தட்டினாள்.

"அப்பாடா! இனிமே நீ சொல்லு, எனக்குத் தலை எது கால் எதுன்னு."

இவள் ஃப்ரீசர் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள்.

கோட்டின் இடது பையில் தன் பேர் ஒட்டிய டியூப். காலி.

வலது பையில் தமயந்தி. முழுசாக.

 நகத்தால் ஒட்டுத்தாள்களைக் கிளப்பினாள். கிழியாமல் வருவதற்கு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இடதில் இருந்தது வலதுக்குப் போயிற்று. வலதில் இருந்தது இடதுக்கு வந்தது.

இந்த பேட்ச்: சரக்கு இவளுடையது, பேர் தமயந்தியுடையது.

அடுத்த பேட்ச்: சரக்கு தமயந்தியுடையது, பேர் இவளுடையது.

வரவுக்குச் செலவு சரி.

அந்த இட்லிகளைத்தான் எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியவில்லை.