பதினோராவது கேள்வி

ஐந்தரைக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். கருப்பட்டிக் காப்பி போட்டுக் குடித்தேன். வினோலியாவின் நைட்டியை எடுத்துக் கைலிக்கு மேலே மாட்டிக்கொண்டேன்.

நைட்டிக்கு மேல் ஒரு துண்டு. துண்டு போடாமல் என் மனைவி வாசலுக்கு வரமாட்டாள். நானும் போடாவிட்டால் டீச்சர் சந்தேகப்படும்.

டீச்சர் எங்கள் மாடு. ஒரே மாடு. வினோலியாவுக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர் இப்படித்தான் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாராம். மாட்டுக்குக் கண்ணாடி இல்லை. மற்றபடி பொருத்தம்தான்.

வினோலியாவின் கையைத் தவிர வேறு கை மடியில் பட்டால் உதைக்கும். நைட்டி போட்டிருந்தால் உதைக்காது. நான் வேதியியல் முதுகலை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாளும் ஒரு வாளியும் செலவாயின.

பாதி கறந்திருப்பேன்.

“ஏலே ஜெபதுரை,” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வெயிலுகந்தம்மாள் அத்தை கூப்பிட்டாள். “ஒன்னையப் பாக்க கவர்மெண்டு வந்திருக்கு. அந்தக் கோலத்தோட எந்திரிச்சு வந்துராத.”

அதற்குள் கவர்மெண்டு தொழுவத்துக்குள் வந்துவிட்டது.

இருபத்தைந்து வயது இருக்கும். கழுத்து அட்டையில் ஜீனா, உணவுப் பாதுகாப்பு என்று இருந்தது. காலில் நீல நிறப் பிளாஸ்டிக் உறை, ஒரு காலில் மட்டும். இன்னொன்றை வாசலில் கரிசல் பிடித்து வைத்துக்கொண்டது. முந்தின நாள் மழை.

“சார்,” என்றார். நைட்டியைப் பார்த்தார். வேறு வார்த்தை தேடினார். கிடைக்கவில்லை. சாரையே வைத்துக்கொண்டார்.

ஆடி மாதம் எங்கோ ஓர் ஊரில் கம்பெனிப் பால் குடித்த பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பாலில் யூரியாவாம். அதிலிருந்து மாடு வைத்திருக்கும் எல்லாருக்கும் பதினெட்டுக் கேள்வி. ஆயிரம் மாட்டுக்கும் அதே தாள், ஒரு மாட்டுக்கும் அதே தாள். பதினெட்டுக்கும் டிக் விழாவிட்டால் வியாழக்கிழமை முதல் சொசைட்டியில் பால் வாங்க மாட்டார்கள்.

மழையை நம்பி விதைத்த உளுந்தைத் தவிர, எனக்கு இருப்பது இந்தப் பால்தான்.

முதல் கேள்வி, பண்ணையின் பெயர்.

“டீச்சர்னு எழுதிக்கிடுங்க.”

எழுதினார்.

தொழிலாளர் எண்ணிக்கை? ஒன்று. காவலாளி உண்டா? அத்தை சுவருக்கு மேலே கையைத் தூக்கினாள்.

பதினோராவது கேள்வி, கறப்பவர் உடை.

“மாட்ட ஏமாத்துதீங்களா சார்?”

“இல்லைங்க. அதுக்குத் தெரியும்னுதான் நெனைக்கேன்.”

அவர் நம்பவில்லை. கழற்றிவிட்டுக் கறந்து காட்டச் சொன்னார். கழற்றி ஆணியில் மாட்டினேன். காம்பில் விரல் வைத்ததும் ஒரே உதை. வாளி சாய்ந்து பாதிப் பால் அவருடைய பிளாஸ்டிக் உறைக்குள் போனது. உறை ஒரு சொட்டைக்கூட வெளியே விடவில்லை. நல்ல தரம்.

நைட்டியைத் திரும்ப மாட்டினேன். டீச்சர் மூக்கை நீட்டி என் தோளை முகர்ந்தது. அசைபோட ஆரம்பித்தது. மிச்சத்தைத் தந்தது.

ஜீனா சிரித்துவிட்டார். மாட்டின் ஒத்துழைப்பை எழுதத் தாளில் இடமில்லை என்றார். பேனா பதினொன்றிலேயே நின்றது.

“இத தெனமும் துவைக்கீங்களா?”

நான் வாளியைத் தூக்கி ஓரமாக வைத்தேன்.

“நேத்துதான் துவைச்சான்,” என்றாள் அத்தை. “எங் கண்ணால பாத்தேன்.”

ஜீனா பக்கத்தில் வந்து பார்த்தார். கழுத்துப் பட்டையில் பவுடரும் தேங்காயெண்ணெயும் இறுகிப்போயிருந்தன. நெஞ்சில் நிலவேம்புக் கசாயம் சிந்திய கறை.

“வீட்டுல அவங்களக் கூப்பிடுங்க சார். அவங்ககிட்டயே கேட்டுக்கிடுதேன்.”

அத்தையின் தலை சுவருக்குக் கீழே இறங்கியது.

“கல்லறைத் தோட்டத்துல இருக்கா,” என்றேன். “நாப்பத்தோரு நாளாச்சு. காய்ச்சல்.”

ஜீனா பேனாவை மூடினார். பிறகு திறந்தார்.

“துவைச்சா மாடு பால் தராதோ?”

“தெரியலைங்க. துவைச்சுப் பாக்கல.”

அவர் மாட்டைப் பார்த்தார். மாடும் பார்த்தது.

“மேல போட்டோ கேப்பாங்க சார். சாயந்தரத்துக்குள்ள துவைச்சு, கொடியில போட்டு, ஒரே ஒரு போட்டோ அனுப்பிருங்க. மத்த பதினேழுக்கும் நான் டிக் போட்டுருதேன்.”

ஒற்றை உறையில் பால் சளக் சளக் என்று சத்தம் போட, தெருவில் நடந்து போனார்.

சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு வந்தேன். குளியலறை வாளியில் தண்ணீர் பிடித்தேன். சோப்புத் தூள் போட்டுக் கலக்கினேன். நுரை பொங்கியது. அடங்கியது. நைட்டி இன்னும் கையில்தான் இருந்தது.

இரங்கல் கூட்டத்தில் போதகர், சகோதரி வினோலியா ஜெபித்தபடியே கண்ணை மூடினார் என்றார். நான் திருத்தவில்லை.

காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று வாசலில் கார் நின்றது. அவள் நைட்டியை மாற்றிச் சேலை கட்டிக்கொண்டு பின் சீட்டில் சாய்ந்திருந்தாள். நான் வீட்டைப் பூட்டப் போனேன். கயத்தாறு தாண்டுவதற்குள் அவளுக்கு நினைவு தப்பியது, திரும்பவே இல்லை. அதனால் கடைசியாக அவள் சொன்னது, கார்க் கண்ணாடியை இறக்கி என்னிடம் சொன்னதுதான்.

“ஏங்க, அந்த நைட்டிய ஊற மட்டும் வைங்க. நான் வந்து துவைச்சுக்கிடுதேன்.”