இடது பக்கச் சீட்டு

"மாமா, இந்த கேமராவை இறக்கைக்குக் கீழ மாட்டணும். லென்ஸ் உள்ள பாத்த மாதிரி இருக்கணும்."

அல்மாட்டி நகருக்கு வெளியே இருக்கும் அந்தச் சின்ன விமானத் திடலின் மெக்கானிக் ஒரன்பாய், தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். வந்திருப்பவள் பைலட் குவாந்திக்கின் மனைவி ரௌஷான். பதினோரு வருஷமாக எட்டிப் பார்க்காதவள். விமானத்தைக் கண்டாலே தலை சுற்றும் என்பாள். இந்த மாதம் மட்டும் இது இரண்டாவது வருகை.

"எதுக்கு மருமகளே?"

"மலையைப் படம் எடுக்கத்தான்."

"மலை வெளியில இருக்கு. கேமராவ உள்ள பாக்கச் சொல்ற."

ரௌஷான் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள். "உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. சனிக்கிழமை தனியாப் பறக்கறேன்னு சொல்லிட்டு வர்றாரே, அவர்கூட எவளோ ஏறுறா."

"யாரு சொன்னா?"

"ஒருத்தர் சொல்லணுமா? போன வாரம் கண்ணாடி வழியா எட்டிப் பாத்தேன். இடது பக்கச் சீட்ட நல்லா முன்னாடி இழுத்துவிட்டிருக்கு. மேல ஒரு தலகாணி. குள்ளச்சி போல. கீழ எண்ணெயில பொரிச்ச பவுர்சாக் மாவுருண்டைத் துணுக்கு வேற கெடக்கு. வானத்துல வச்சு ஊட்டி விடுறா."

"இடது பக்கமா?"

"பின்ன? அவர் வலது பக்கம் உக்காந்து ஓட்டுனா, அவ இடது பக்கம்தான உக்காரணும்?" வெளியே நின்ற தன் ஜீப்பைக் கை காட்டினாள். ஜப்பானிலிருந்து இறங்கிய பழைய வண்டி. ஊரில் பாதி வண்டியைப் போல அதற்கும் ஸ்டியரிங் வலது பக்கம்.

ஒரன்பாய் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பிறகு வேறு வழியில் ஆரம்பித்தார்.

"இது துணி போர்த்துன இறக்கை. கேமராவோட ரப்பர் உறிஞ்சி இதுல ஒட்டாது."

"அப்ப இந்தக் கம்பத்துல கட்டுங்க." இறக்கையைத் தாங்கும் சாய்வுக் கம்பத்தைத் தொட்டாள்.

"இடது இறக்கையில காத்து வேகம் அளக்கற குழாய் இருக்கு. அதுக்குப் பக்கத்துல எதுவும் வரக்கூடாது. வலது பக்கம் மாட்டுவோம். வெளிச்சமும் அங்கதான் நல்லாருக்கும்."

"குழாய் அந்தக் கோடியில இருக்கு. கம்பம் இங்க இருக்கு. இடதுதான்."

ஒரன்பாய் பெருமூச்சு விட்டு ஸ்பேனரை எடுத்தார். ஆனால் கை வேலையில் இறங்கிவிட்டால் அவருக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். கம்பத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். ரப்பர் பட்டை சுற்றினார். பிடியை இரண்டு திருகாணி போட்டு முறுக்கினார். கேமராவிலிருந்து மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றை இழுத்து, விமானத்தைத் தரையோடு கட்டிவைக்கும் வளையத்தில் மாட்டினார். கம்பி நீளத்தை முழம் போட்டு அளந்து வெட்டினார்.

"கழண்டாலும் கம்பியில தொங்கணும். தொங்குனாலும் இறக்கையக் கிழிக்கக்கூடாது, புரொபெல்லர்கிட்டப் போகக்கூடாது, வால் வரைக்கும் எட்டக்கூடாது."

"எங்குடும்பமே தொங்கிட்டிருக்கு மாமா. சீக்கிரம் ஆகட்டும்."

இறக்கை மடலை ஏற்றி இறக்கிப் பார்த்தார். கேமராவை இரு கையாலும் பிடித்து உலுக்கினார். விமானம்தான் ஆடியது, கேமரா ஆடவில்லை.

"ஒண்ணு சொல்லிடறேன். பைலட்டுக்குத் தெரியாம வெளிய ஒரு நூலு கூடக் கட்டமாட்டேன். குவாந்திக்கிட்டச் சொல்லுவேன்."

"தாராளமாச் சொல்லுங்க. மலைக்குன்னு சொல்லுங்க."

ஜீப்பில் ஏறிய பிறகும் அவள் புலம்பல் ஓயவில்லை. "எங்கம்மாவத் துணைக்குக் கூப்புட்டேன். சனிக்கிழமை முட்டிக்குச் சேத்து வைத்தியமாம், வர முடியாதாம். பெத்த பொண்ணவிடச் சேறு பெருசாப் போச்சு. படி ஏறாத, திரைச்சீலை மாட்டாதன்னு நான் காவல் காக்கறேன். அது எனக்கு இந்த உதவி செய்யல."

வண்டி கிளம்பியதும் கண்ணாடியில் கட்டியிருந்த ஆந்தை இறகுக் கொத்து ஆடியது. ஜீப் வாங்கிய அன்று, கண் படாமல் இருக்க, அவள் அம்மா முக்காலி போட்டு ஏறிக் கட்டியது. பச்சைக் கம்பளி நூல், மூன்று முடிச்சு, நடுவில் ஒரு சட்டைப் பொத்தான். புதிதாக எது வந்தாலும், தொட்டிலானாலும் ஃபிரிட்ஜானாலும், அம்மா ஒன்று கட்டாமல் விடமாட்டாள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு ரௌஷான் திரும்பி வந்தபோது விமானம் இறங்கியிருந்தது. குவாந்திக் அலுவலகத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். கேமரா கம்பத்தில் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது. ஒரன்பாய் அதிலிருந்த கார்டை மட்டும் உருவிக்கொண்டு வந்தார். அவள் அதைப் போனில் போட்டுப் பார்த்தாள்.

இறகு. நாற்பது நிமிஷமும் இறகு. மலையும் இல்லை, குள்ளச்சியும் இல்லை. லென்ஸுக்கு முன்னால் இறகு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"என்ன மாமா இது?"

ஒரன்பாய் வானத்தைப் பார்த்தார். "புது சாமானில்லையா. கண்ணு படக்கூடாதுன்னு யாரோ கட்டியிருப்பாங்க."

ரௌஷான் விறுவிறுவென்று கம்பத்துக்குப் போனாள். இறகைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. குனிந்து பார்த்தாள். பச்சைக் கம்பளி நூல். மூன்று முடிச்சு. நடுவில் ஒரு சட்டைப் பொத்தான்.

ஒரு முறை ஜீப்பைத் திரும்பிப் பார்த்தாள். விமானத்துச் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, இதுல ஓட்டறவங்க எந்தப் பக்கம் உக்காருவாங்க?"

"இடது பக்கம். சொல்லிக்குடுக்கறவர்தான் வலது பக்கம்."

"அப்ப முட்டி வைத்தியம்?"

"முட்டிக்கென்ன, பெடல் மிதிக்கறதுல உன் புருஷனையே மிஞ்சியாச்சு," என்றார் ஒரன்பாய். "அடுத்த சனிக்கிழமை உங்கம்மா தனியாவே பறக்கறாங்க."