இன்றைய வேண்டுதல்

இனி நீ காத்திருக்கத் தேவையில்லை, ஜூலி. பெட்டியைக் கட்டு.

மனதுக்குள் தங்கையிடம் சொல்லிக்கொண்டே மரியம்மா மெழுகுதிரி ஏற்றினாள். ஒக்ரோபர் முழுவதும் வீடு வீடாகப் போகும் மாதா சொரூபம் இன்று அவள் வீட்டில்.

கனடாவில், ஒஷாவா நகருக்கு அப்பாலுள்ள இந்தச் சிற்றூரில் தனிவீடுகள் மட்டுமே கட்டலாம். அந்த விதியை மாற்றத்தான் டோர்செட் பார்க்கின் பழைய அடுக்குமாடிகளிலிருந்து, வீடு வாங்க முடிந்த குடும்பங்களெல்லாம் ஒன்றாக இங்கே வந்தன. வாக்குப் பலத்தால் அடுக்குமாடி கொண்டுவருவது, பிறகு ஜூலியைப் போல அங்கேயே தங்கிவிட்டவர்களை அழைப்பது என்று இதே மாதாவுக்கு முன்னால்தான் பேசிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவனான கஸ்பர் அந்த வாக்குகளால் கவுன்சிலரும் ஆகிவிட்டான். நாளைக்கு ஊர்ச் சபைக் கூட்டத்தில் அடுக்குமாடிக் கட்டடம் பற்றிய முடிவு.

கஸ்பர் வாசலில் சப்பாத்தைக் கழற்றினான். "அக்கா, உங்கட கோப்பி மணம் ரோட்டு வரைக்கும் வருது."

"நாளைக்கு எல்லாரும் வருவினமோ, தம்பி?"

"ஓம். ஒருத்தரும் மாறமாட்டினம்."

"ஜூலிக்கு முழங்கால் ஏலாது. அங்கை லிஃப்ற் எப்பவும் பழுது."

மற்றக் குடும்பத்தவர்களும் வந்து மாதாவுக்கு முன்னால் முழங்காலிட்டார்கள். கஸ்பர் செபமாலையை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"வழக்கம்போல நீங்களே தொடங்குங்கோ அக்கா. இண்டைக்கு வேண்டுதல், அந்தக் கட்டடம் வரக்கூடாது எண்டு. வந்தால் எங்கட வீடுகளின்ர விலை விழுந்திடும்."

முழங்காலில் நின்றவர்களில் ஒருவரும் நிமிரவில்லை. எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது.

மரியம்மா செபமாலையை வாங்கி மாதாவின் காலடியில் வைத்தாள்.

"நீரே சொல்லும், தம்பி. எனக்கு வாய் வராது."