வண்டி ஸ்டார்ட் ஆகல தம்பி

"வண்டி ஸ்டார்ட் ஆகல தம்பி. நானும் அரை மணி நேரமா போராடிட்டிருக்கேன்" என்று போனில் சொல்லிவிட்டு, தேவநேசன் சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

அரை மணி நேரமாக அவர் போராடியது டி.வி. ரிமோட்டோடுதான்.

மறுமுனையில் ஆபேல். டெக்சாஸில் இந்த ரவுண்ட் ராக் ஊருக்கு வந்து நாலு மாசம்தான் ஆகிறது, இவர் போகிற அதே சர்ச். மூணாவது மாடி அபார்ட்மென்ட்டை இன்று பன்னிரண்டு மணிக்குள் காலி பண்ணிச் சாவியைக் கொடுத்தாக வேண்டும். லிஃப்ட் கிடையாது. மனைவிக்கு எட்டாம் மாசம், தலையணையைக்கூடத் தூக்கக் கூடாதென்று டாக்டர் உத்தரவு.

"நான் எதுக்கு இருக்கேன்? என் வேனோட வந்து நிக்கறேன் பாரு" என்று போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பத்துப் பேர் முன்னால் வீரமாகச் சொன்னவர் சாட்சாத் இந்தத் தேவநேசன்தான். டெக்சாஸ் வெயிலும் தன் இடுப்பும் அப்போது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"யாருங்க போன்ல?" என்றாள் ரெபெக்கா, கிச்சனிலிருந்து.

"ஆபேல். வேன் ஸ்டார்ட் ஆகலன்னு சொன்னேன்."

"நேத்து நல்லாத்தானே ஓடுச்சு?"

"நேத்து ஓடுச்சு. இன்னிக்கு ஓடல. மெஷின்தானே."

ரெபெக்கா விடுகிற ஆளில்லை. "வாங்க, பாக்கலாம்" என்று கையில் கரண்டியோடு கிளம்பிவிட்டாள். அவளுக்கு டிரைவிங் தெரியாது. அது ஒன்றுதான் அவருக்குத் தெம்பு.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் பட்டனை மட்டும் அழுத்தினார். ஆட்டோமேட்டிக் வண்டியில் இது ஒரு சௌகரியம். பிரேக்கில் கால் வைக்காவிட்டால் விளக்கெல்லாம் எரியும், எஞ்சின் மட்டும் எழுந்திருக்காது.

"பாத்தியா? நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"கர்த்தாவே, அந்தப் பொண்ணு இந்த நேரத்துல என்ன பாடு படுதோ" என்றாள் ரெபெக்கா. அவருக்கு லேசாகச் சுருக்கென்றது. லேசாகத்தான். "இருங்க, டென்னிஸைக் கூப்பிடறேன்."

"அவனை எதுக்கு..." என்பதற்குள் அவள் போன் போட்டுவிட்டாள்.

நம்மவர்கள் வட்டாரத்தில் யார் வண்டி மக்கர் பண்ணினாலும் டென்னிஸ்தான் டாக்டர். நாலு தெரு தள்ளி வீடு. ஐந்தே நிமிஷத்தில் தன் காரில் வந்து இறங்கினான், கையில் டூல் பாக்ஸ்.

தேவநேசன் சீட்டை விட்டு இறங்கவில்லை.

டென்னிஸ் பானெட்டைத் திறந்து மீட்டரை வைத்துப் பார்த்தான். "பேட்டரி ஜம்முனு இருக்கு. கியர் பார்க்லதானே இருக்குண்ணே?"

"பார்க்லதான்."

"சில சமயம் பார்க்ல இருக்கறது வண்டிக்கே தெரியாது. அப்ப ஸ்டார்ட் ஆகாது. நியூட்ரல்ல போட்டுப் பாருங்க."

இழுத்தார். கியர் வரவில்லை. பிரேக்கை மிதிக்காமல் அது எப்படி வரும்?

"சிக்கிக்கிச்சுப்பா" என்றார், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

டென்னிஸ் வேனுக்குப் பின்னால் போய் நின்றான். "பிரேக்கை மிதிங்க. லைட் வரலையே. நல்லா மிதிங்கண்ணே."

"மிதிச்சிட்டுத்தானேப்பா இருக்கேன்."

டென்னிஸ் முன்பக்கம் வந்து குனிந்து பார்த்தான். தேவநேசனின் வலது கால், பிரேக்குக்கு அரை அடி தள்ளி, செருப்பைக் கழற்றிவிட்டு ஹாயாக இருந்தது.

இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. போச்சு, இந்த ஊரில் இருபத்திரண்டு வருஷமாகக் கட்டிக் காத்த மானம் போச்சு என்று தேவநேசனுக்கு வியர்த்துவிட்டது.

"என்ன டென்னிஸ், என்னவாம்?" என்று எட்டிப் பார்த்தாள் ரெபெக்கா.

டென்னிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பிரேக் சுவிட்ச்தான் அக்கா. வயர் லூசா இருந்துச்சு, அழுத்தி விட்டுட்டேன். இப்பப் போடுங்கண்ணே."

ஒரே அழுத்தில் வேன் உறுமியது.

டென்னிஸ் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், மானம் கப்பலேறியிருக்கும். சொல்லவில்லையே. இவன் எப்பேர்ப்பட்ட மனுஷன், நானும் இருக்கேனே என்று தேவநேசனுக்கு வெட்கமாக இருந்தது. இனி இடுப்பு ஒடிந்தாலும் சரி, ஆபேல் வீட்டு சோபாவைத் தூக்கியே தீருவது என்று ஷூவை எடுத்துவர இறங்கினார்.

அப்போது தெருமுனையில் ஒரு வாடகை டிரக் திரும்பி, வீட்டு வாசலில் வந்து நின்றது. ஆபேல் குதித்து ஓடிவந்தான். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. தோளில், செத்த பேட்டரிக்கு இன்னொரு வண்டியிலிருந்து உயிர் கொடுக்கிற ஜம்பர் கேபிள்.

டென்னிஸ் சட்டென்று பானெட்டுக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

"நீ ஏன்ப்பா இங்க வந்தே? மணி பதினொண்ணு ஆச்சே" என்றாள் ரெபெக்கா.

"பாதி சாமான் இன்னும் மேலதான் ஆன்ட்டி. அங்கிள் வெயில்ல தனியா கஷ்டப்படறாரேன்னு மனசு கேக்கல. அட, ஸ்டார்ட் ஆயிடுச்சா? அப்பாடா."

கேபிளைச் சுருட்டித் திரும்பவும் தோளில் போட்டுக்கொண்டான்.

"அப்ப நான் டென்னிஸ் அண்ணன் வீட்டுக்கு ஓடறேன் அங்கிள். பாவம், அவர் வண்டியும் காலைலேருந்து ஸ்டார்ட் ஆகலையாம்."