பதினேழாம் நம்பர்

"பதினேழாம் நம்பருக்கு முதுகெல்லாம் கொப்புளம்! இதுக்கு யார் அனுமதி கொடுத்தது?"

ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தைச் சோதனையிட வந்திருந்த பெண் டாக்டர் போட்ட சத்தத்தில் மேஜர் எழுந்தே நின்றுவிட்டார்.

"விஷவாயு தோல்ல படாம காக்கற புதுக் களிம்பு மேடம். மேலிடத்துல அவசரப்படுத்தறாங்க..."

"அதுக்காக ஒரே நாள்ல மூணு தடவை பூசுவீங்களா? ரெண்டு நாளா சாப்பாட்டைத் தொடலை. உடம்பு வெடவெடன்னு நடுங்குது. கேக்க நாதியில்லைன்னு நெனச்சீங்களா?"

"தப்புதான் மேடம்."

"ஒரு உயிர்னா அவ்வளவு இளக்காரமா போச்சா? எழுத்துல அனுமதி இல்லாம இனிமே ஒரு துளி பூசினாலும் இந்தக் கூடத்தையே இழுத்து மூடிடுவேன்!"

"இன்னியோட நிறுத்திடறோம் மேடம்."

கோபம் தணிந்த டாக்டர் கூண்டைத் திறந்தார். பதினேழாம் நம்பர் முயலைப் பூப்போலத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார்.

மேஜர் தலையைச் சொறிந்தார். சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் போயாக வேண்டும். அவர் பார்வை, காவலுக்கு நின்ற நரைமீசைச் சிப்பாய் மேல் விழுந்தது.

"நீ வாய்யா. சட்டையைக் கழட்டிட்டுக் குப்புறப் படு."

"சரிங்க சார். நான் எங்க கையெழுத்துப் போடணும்?"

"உனக்கு எதுக்குய்யா கையெழுத்து? நான் சொன்னா போதாதா?"

களிம்பு டப்பா திறக்கும் சத்தம் கேட்டு, வாசல்வரை போன டாக்டர் சட்டென்று திரும்பினார்.

"ஒரு நிமிஷம் மேஜர்!"

சிப்பாய் நம்பிக்கையோடு தலையைத் தூக்கினார்.

"கதவைச் சாத்திக்குங்க. இவர் கத்தினா இது பயந்துடும்."