கையைப் பிடித்த விதி

தொற்றுக் காலம். பிழைக்கப் போன நாட்டில் காலையில் ஒரு விதி, மாலையில் ஒரு விதி. கடைத் தரையில் ஒட்டியிருந்த அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் நடந்து கணவன் திட்டு வாங்கியதில், கூடப் போன மனைவிக்கு மானமே போய்விட்டது. அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. பூங்காவில்கூட ஆளுக்கொரு ஓரமாக நடந்தார்கள்.

போலீஸ்காரர் ஒருவர் கணவனை நிறுத்தி ஏதோ சொன்னார். அந்த ஊர் மொழி அவனுக்குத் தகராறு. மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் உர்ரென்ற முகத்தோடே சொன்னாள்: "ஒரே வீட்டு ஆளுங்க கையைப் பிடிச்சுக்கிட்டுதான் நடக்கணுமாம். இல்லன்னா அபராதமாம்."

"இது என்ன கூத்து!" என்று முணுமுணுத்தபடி அவள் கையைப் பிடித்தான். மறு கையால் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டான். போலீஸ்காரர் தலையாட்டிவிட்டுப் போனார்.

வீட்டு வாசல் வந்தும் அவன் கையை விடவில்லை.

"விடுங்க, சாவி எடுக்கணும்." அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அந்த மனுஷன் மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்தச் சொன்னாரு. அவ்வளவுதான்."

"தெரியும்" என்றான் அவன். "என்னைப் பார்த்தாலே எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க. இந்த ஊர் பாஷையில எனக்குத் தெரிஞ்ச ஒரே வார்த்தை மூக்குதான்!"