பவர் மெஷின் வகுப்புக்குப் போனது

ஒரு பனியன் கம்பெனியில் மோட்டாரில் ஓடும் பவர் தையல் மெஷினுக்கு, புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் என்றாலே நடுக்கம். அவர்கள் ஓங்கி மிதிப்பார்கள். அது தறிகெட்டு ஓடும், ஊசி ஒடியும், வந்தவள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போவாள்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், எதிரே தையல் பயிற்சி நிலையத்தில் இருந்த, மிதித்து ஓட்டும் கால் மெஷினிடம் சண்டைக்கே போய்விட்டது.

"அப்படி என்னதானுங்கக்கா சொல்லிக் குடுக்கறீங்க?"

"எனக்குத் தெரிஞ்ச மிதியைத்தான் கண்ணு. உன்னைத் தொட்டாலே போதும்னு நீ எப்ப வந்து சொன்ன?"

மறுநாளிலிருந்து பவர் மெஷின் மத்தியானம் தோறும் வகுப்பில் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து, பெண்களைத் தன்னிலும் பழக விட்டது. கோகிலா என்ற பெண் ஒருத்தியே அதன் ஊசியை ஒரு டப்பா ஒடித்துத் தீர்த்தாள். பவர் மெஷின் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டது.

அடுத்த மாசம் கம்பெனியில் அதன் முன்னால் வந்து உட்கார்ந்தவள் அதே கோகிலா. பவர் மெஷின் கண்ணை இறுக மூடிக்கொண்டது. பெடலில் பூனை நடந்தாற்போல ஒரு பாதம் பட்டது. தையல் நேராகப் போனது.

"ஆரூட்டுப் புள்ள இது?" என்றது பக்கத்து மெஷின்.

"எங்கூட்டுப் புள்ள!"